டப்பாவில் சிரிக்கும் தாடிக்காரர்

நாகபூஷணத்தின் மகன் யோகேஷ் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய சீன மருந்து டப்பா, திருப்பதி பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வயிற்று விஷத்தையெல்லாம் முறிக்குமாம். மூடியையும் டப்பாவையும் சேர்த்து ஒட்டிய காகிதத்தில் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் சிரிக்கிறார். வீட்டுக்கு வந்த புதுச் சாமானென்று மனைவி ரத்னம்மா அவர் நெற்றியில் பொட்டு வைத்துக் கற்பூரமும் காட்டிவிட்டாள். அந்த முகத்தைக் கிழிக்காமல் டப்பா திறக்காது. நேற்றைய கல்யாணக் கறிச்சோறு கல்லாகக் கிடக்க, நாகபூஷணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே குந்தியிருக்கிறார். கொட்டகையில் பவர்லூம் தடதடக்கிறது. “நீயே கிழிச்சிக் குடேன்டி.” “பொட்டு வெச்ச மூஞ்சிய கிழிச்சா கை விளங்குமா?” அவரே தயங்கித் தயங்கி நகத்தை நீட்டுகிறார். தாடியில் நகம் பட்டதும், தறிச் சத்தத்தையும் மீறி நீளமாக ஓர் ஏப்பம் வருகிறது. வயிறு இளகுகிறது. ரத்னம்மா கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். “தொட்டதுக்கே கொணமாயிட்ச்சி. இந்தச் சாமியப் போயி துன்னப் பாத்தியே.”