செவ்வந்தியின் வசனம்

“ஏழு நாவல்ல அவளப் பறக்க விட்டுட்டு, இப்ப படத்துல மட்டும் எதுக்குங்க...”

“இடைவேளைக்கு முன்னாடி ஒரு சாவு வேணும்னு தயாரிப்பாளர் கேட்டா...”

“அவ நம்ம செவ்வந்திங்க!”

மாயக் கதைகள் எழுதிப் பெயர் வாங்கிய தாமோதரன், மனைவி கையிலிருந்த திரைக்கதையைப் பிடித்து இழுத்தார். அலமேலு விடவில்லை. ஒன்பது வயதில் இறந்துபோன மகள்தான் அந்த நாவல்களில் சிறகு முளைத்துத் திரிந்தாள்.

“அந்தக் கடைசி வசனத்தக் கேட்டு டைரக்டரே அழுதுட்டார், தெரியுமா?”

அலமேலு அந்த வரியில் விரலை வைத்தாள். ‘அம்மா, மழை வருது, என் செருப்ப உள்ள எடுத்து வை.’

“ஆஸ்பத்திரியில அவ இதச் சொன்னப்போ நீங்க பக்கத்துல இல்ல. கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னான்னு எங்கிட்டக் கேட்டுக் கேட்டு அழுதீங்களே, இதுக்குத்தானா?”