புது நர்ஸ் தூங்குகிறாள்

கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: அப்பா, மகன், சொல்லாமல் வந்திறங்கிய அப்பாவின் அக்கா. படுக்கையறையில் ஒருத்தி: வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன நர்ஸ்.

"மணி பதினொண்ணு. இன்னுமா தூங்கறா?" அக்காவின் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

"மெதுவாக்கா! விடிய விடிய டியூட்டி. நேத்து தூக்கக் கலக்கத்துல ஆள் மாறி ஊசி போடப் பாத்துட்டாளாம். இன்னிக்கும் தூக்கம் கெட்டா வேலைய விட்டுடுவேங்கறா."

மகன் காலிங் பெல் ஒயரைக் கழற்றி வைத்திருந்தான். குக்கர் விசிலடிக்கும் என்று அப்பா திறந்த பாத்திரத்தில் பருப்பை வேகவிட்டிருந்தார்.

"மருமகள இந்தத் தாங்கு தாங்கறீங்க! என் தம்பி அடுப்புல வேகறான். நானே எழுப்பறேன்."

அக்கா படுக்கையறைக் கதவில் கை வைத்தபோது, வாசல் வழியாகக் காய்கறிப் பையுடன் மருமகள் வந்தாள்.

"ஐயோ, என் மாமியார எழுப்பிடாதீங்க!"

அக்கா தம்பியைப் பார்த்தாள். "உன் பொண்டாட்டியாடா நர்ஸு?"

"நாப்பத்தேழு வயசுல பாஸ் பண்ணிட்டாக்கா. மூணு மாசம் தாக்குப்பிடிச்சதும் உன்கிட்ட சொல்லலாம்னா."

"கல்யாணமான புதுசுல படிக்கணும்னு அழுதவளாச்சே! சாதிச்சுட்டாளே!" அக்காவுக்கு முகமெல்லாம் பல். வாழ்க்கையில் முதல்முறையாகக் கிசுகிசுத்தாள்.

அந்த நேரம் பார்த்து மாடியில் யாரோ சுவரில் துளை போட ஆரம்பித்தார்கள். அக்கா வரிந்து கட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"அவன நான் பாத்துக்கறேன். நீ கதவப் பூட்டிக்கோ. நான் கத்தறது அவளுக்குக் கேக்கக் கூடாது."

மருமகள் சத்தமில்லாமல் கதவைச் சாத்திப் பூட்டினாள்.