சாக்கை விட்டு இறங்காத சுண்டெலி

ஆட்ட விதியைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று சுண்டெலி அதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது. ஓடி நிற்கும் தளங்களாகச் சாக்குகளை விரித்து, பேஸ்பால் ஆட அழைத்த பூனை எதிரே பந்தோடு நின்றது.

"தரையில விரிச்ச சாக்கு மேல நின்னா என்னைப் பிடிக்கக் கூடாது. இறங்கினா பிடிக்கலாம். சரிதானேக்கா?"

"அப்படியே சொல்லிட்டியேடி!"

ஒரு சாக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி, மூச்சு வாங்க நின்றது சுண்டெலி. பூனை நியாயமாகவே ஆடியது. பொழுது சாய்ந்ததும் பந்தைக் கீழே போட்டது.

"ஆட்டம் முடிஞ்சுது. இறங்கி வீட்டுக்குப் போ."

"நீங்க முதல்ல போங்கக்கா."

"நான் இன்னும் சாப்பிடலையே," என்று பூனை மீசையை நக்கியது.

"அப்ப நான் இறங்குற வரைக்கும் ஆட்டம் முடியல."

பூனைக்குக் காத்திருப்பது புதிதல்ல, உட்கார்ந்துகொண்டது.

சுண்டெலி நின்ற இடத்திலேயே சாக்கைக் கடித்து ஓட்டை போட்டு, அடியில் வளை தோண்டத் தொடங்கியது.

"வீட்டுக்குத்தான் போயிட்டிருக்கேன், அக்கா," என்ற குரல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது.