மாமனார் கொடுத்த உமே

“இது போயி ரொம்ப நாளாச்சேம்மா” என்றார் ஒகுமுரா, கம்பளியை மெல்ல விலக்கிப் பார்த்துவிட்டு.

கினுயோ அதை வரும் வழியெல்லாம் கைக்குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். டாக்சிக்காரன்கூட ஹீட்டரைக் கூட்டிவைத்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்குத்தானே?” என்று கேட்டிருந்தான்.

ஒகுமுரா கட்டைவிரல் நகத்தால் அடிமரத்தைச் சுரண்டினார். பட்டைக்கு அடியில் பச்சை இல்லை, காய்ந்த சுள்ளியின் நிறம்தான் தெரிந்தது. முழ உயரத்தில், இடப்பக்கம் வளைந்து நிமிர்ந்த உமே போன்சாய், சட்டியில் குட்டையாக வளர்த்த ப்ளம் மரம். பிப்ரவரி பிறந்துவிட்டது, இந்நேரம் பூத்திருக்க வேண்டியது.

“பனி கொட்டுதேன்னு உள்ள எடுத்து வச்சேன். ஹீட்டர் பக்கத்துல.”

“பனி அதை ஒண்ணும் பண்ணாதும்மா. சூடுதான் ஆகாது.”

“இதே மாதிரி இன்னொண்ணு வேணும். நாளைக்கழிச்சு அவர் வீட்டுக்கு வந்துடுவாரு.”

இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அவள் கணவர் இசாமு, அவள் பார்க்கப் போகும்போதெல்லாம் முதலில் மரத்தைத்தான் விசாரித்தார். மொட்டு விட்டிருக்கிறதா? விட்டிருக்கிறது. பருத்திருக்கிறதா? பருத்திருக்கிறது. காய்ந்துபோனதை மட்டும் அவள் சொல்லவில்லை.

காலையில் நாகஹாமாவில் நடக்கும் உமே கண்காட்சிக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்திருந்தாள். மனிதரைவிட வயதான மரங்கள், பாதி உளுத்துப்போன அடிமரத்தோடு, மீதிப் பாதியில் பூவாய்ச் சொரிந்துகொண்டு நின்றன. சுற்றிலும் ஜனங்கள் கண்ணை மூடி வாசனை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மூச்சு விடவே நேரமில்லை. திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவளைப் போல ஒவ்வொரு மரத்திலும் அந்த வளைவைத் தேடினாள். அங்கே எதுவும் விற்பனைக்கில்லை என்று சொல்லி, வாசலில் இருந்த பெண்தான் போன்சாய் வளர்த்து விற்கும் ஒகுமுராவின் தோட்டத்துக்கு வழி காட்டினாள்.

“எங்கப்பா குடுத்த மரம். கல்யாணத்தன்னைக்கு அவர் கையில குடுத்து, ‘இது வருஷா வருஷம் பூக்குற வரைக்கும் என் பொண்ணைப் பத்தி எனக்குக் கவலையில்ல மாப்பிள்ளை’ன்னாரு.”

“மாமனாரு கெட்டிக்காரரு.”

“அப்பாவுக்கு இவரைப் புடிக்காது. பூக்குற சமயத்துல ரயிலேறி வந்துடுவாரு. மரத்தைப் பாத்துட்டு அப்புறந்தான் மாப்பிள்ளை முகத்தையே பாப்பாரு. சாகுற வரைக்கும் அப்படித்தான். இவரு என்னை அந்த மரத்தைத் தொடக்கூட விடமாட்டாரு. நான் பாத்துக்கறேன், நீ தள்ளிப் போன்னுடுவாரு.”

ஒகுமுரா செத்த மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் தோட்டத்தின் பின்பக்கம் போய் ஒரு மரத்தைத் தூக்கி வந்தார். கினுயோ கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். அதே வளைவு, அதே உயரம்.

“வேற ஒருத்தருக்குன்னு வருஷக்கணக்கா ஒதுக்கி வச்சது. பரவால்ல, நீங்க எடுத்துக்கங்க” என்றவர், வேரைக் கலைக்காமல் அதை அவளுடைய பழைய சட்டியிலேயே இறக்கினார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

“பூ என்ன நிறம்? இது ரோஸா பூக்கும்.”

“ரோஸ்தாம்மா. நிம்மதியாப் போங்க.”

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் நிம்மதி எங்கே வந்தது? மொட்டுகள் இறுக்கமாக மூடிக்கிடந்தன. சமைக்கும்போது பாதியில் எழுந்து வந்து பார்த்தாள். குளிக்கப் போனவள் துண்டோடு திரும்பி வந்து பார்த்தாள். வெள்ளையாகப் பூத்துத் தொலைத்தால் என்ன செய்வது? பூக்காமலே நின்றால்?

இசாமு வரும் நாள் காலையில் இரண்டு பூ விரிந்திருந்தது. இளஞ்சிவப்பு. கினுயோ சட்டியை மாடத்தில் வைத்து, இலேசாகத் திருப்பி, மறுபடி திருப்பினாள்.

வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு மரத்துக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் டீ ஊற்றினாள், பாதி தட்டில் சிந்தியது. பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், எங்கே முடிப்பதென்று தெரியவில்லை.

“நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்க” என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. டீக் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள்.

“இது அது இல்லீங்க. ஹீட்டர் பக்கத்துல வச்சேன். காஞ்சு போச்சு. இது கடையில வாங்கினது. எங்கப்பா உங்களை நம்பிக் குடுத்ததை நான் கொன்னுட்டேன்.”

இசாமு மரத்தைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கஷ்டப்பட்டு முன்பக்கம் சாய்ந்து அவள் தோளில் கை வைத்தார்.

“உங்கப்பா குடுத்ததை நான் மறு வருஷமே கொன்னுட்டேன், கினுயோ.”