இறந்தகாலம்

மறுபடியும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. அப்பா திட்டவில்லை.

"பரவாயில்லம்மா. கிளட்ச்ச மெதுவா விடு," என்றார்.

அப்பாவுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். இன்றைக்கு மழைதான் கொட்டப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு என் வயதிலேயே கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நான் கேட்டபோதெல்லாம், கட்டிக்கப்போகிறவன் ஓட்டுவான், நீ பக்கத்தில் உட்கார்ந்து போனால் போதும் என்பார். அம்மா ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டவள்.

அப்படிப்பட்டவர் இன்று காலையில் தானே வந்து என்னை எழுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறதாம். அதே மாதிரி வண்டியை யாரோ நண்பரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். நாளைக் காலைக்குள் ரோட்டில் ஓட்டப் பழகிவிட வேண்டும் என்றார்.

அப்படி என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம். அண்ணன் அடுத்த மாதம் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறான், அப்புறம் வீட்டுக்கு ஒரு டிரைவர் வேண்டாமா என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்த மகாராஜா வெள்ளிக்கிழமையிலிருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை. காய்ச்சல் என்றாள் அம்மா. நாங்கள் கிளம்பும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பொறாமை போலிருக்கிறது என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

மைதானத்தில் நாலைந்து சுற்றுக்குப் பிறகு வண்டி ஒருவழியாக என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. அப்பா மெயின் ரோட்டுக்கு விடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரோட்டில் ஈ காக்கை இல்லை.

"நேரா வந்தே," என்றார். "மூணாவது கியர் மாத்தினே. மரக்கடை தாண்டி இடது பக்கம் திரும்பினே."

வாத்தியார் வேலைக்குப் புதுசு, இலக்கணம் இடிக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினேன்.

திருப்பத்துக்கு அப்பால் ரோட்டில் ஓர் இடத்தில் மட்டும் மணல் கொட்டியிருந்தது. ஓரங்களில் கருஞ்சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. பிரேக் போட்டேன்.

அப்பா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை அண்ணன் இந்த வழியாகத்தான் வந்தான் என்றார். ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டதாம். இவ்வளவையும் என்னிடம் சொல்லவில்லை, முன்னால் இருந்த மணலிடம் சொன்னார்.

"உனக்கு இன்னும் பதினெட்டு ஆகலம்மா. கண்டிச்சு விட்டுருவாங்க. அவனுக்கு எல்லாமே போயிரும்."

நாளைக் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அங்கே ஓட்டிக் காட்டச் சொன்னாலும் சொல்வார்களாம்.

கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. அதற்குள் அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். இதற்கு முன் அவர் அப்படிச் செய்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கையைத் தட்டிவிடாமல் உட்கார்ந்திருந்த என் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

வண்டியைத் திருப்பி, மரக்கடைக்கு முன்னாலிருந்து மறுபடி வரச் சொன்னார்.

வந்தேன். மூன்றாவது கியர். இடது பக்கம். மணலைக் கண்டதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"இல்லம்மா," என்றார் அப்பா. "அவர் விழுந்தப்புறம்தான் பிரேக் போட்டே."