மடிப்புக்குள் ஒரு முடி

"எல்லாரும் தலைத்துணியைக் கழட்டுங்க," என்றாள் மதாம் புர்தோன். "ஒருத்தி விடாம."

பாரிஸின் பெரிய தையல் மாளிகை ஒன்றின் மூன்றாவது மாடி. வெள்ளை மேலங்கி அணிந்த தையல் பெண்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில், பொம்மை மேல் கல்யாண உடை நின்றது. கடைசி ட்ரையலுக்கு மணப்பெண் மரியான் இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவாள்.

மாளிகையின் நிர்வாகி மதாம் புர்தோன், உடை கீழே போவதற்குமுன் மேலே வந்து ஒருமுறை தடவிப் பார்ப்பது வழக்கம். இன்று கீழ்மடிப்பில் நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது.

"இது நூல் இல்ல. முடி."

கல்யாண உடையின் மடிப்புக்குள் தன் முடியை வைத்துத் தைத்தால், தைத்தவளுக்கும் சீக்கிரம் மாப்பிள்ளை அமைவான் என்று இந்தத் தையல்காரிகளுக்கு ஒரு நம்பிக்கை. போன வருடம் ஒரு மணப்பெண்ணின் தாய் அப்படி ஒரு முடியைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டிவிட்டாள். அன்றிலிருந்து பெண்கள் தலைத்துணி கட்டித்தான் தைக்க வேண்டும். முடி அகப்பட்டால் வேலை போய்விடும்.

"மத்மசேல் ஓதில், உங்க பொண்ணுங்க லட்சணத்தைப் பாத்தீங்களா?"

ஓதில்தான் தையல்கூடத்தின் தலைவி. ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவள். எந்தக் காற்றுக்கும் கலையாத கறுப்புக் கொண்டை. முதலாளி பென்சிலால் கிறுக்கிய படத்தைக் காடாத்துணியில் வெட்டி, மரியானின் உடம்பில் குண்டூசி குத்திப் பார்த்து, பிரித்து, மறுபடி வெட்டி, அதற்குப் பிறகே பட்டில் கத்தரி வைத்தவள் அவள். எல்லாம் கைத்தையல். ஒரு தையல் கோணலாக விழுந்தாலும் மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லுவாள். பெண்களுக்கு அவள் சிம்மசொப்பனம்.

"மடிப்பு தச்சது யாரு?" என்று கேட்டாள் ஓதில்.

"நானும் இவெத்தும்," என்றாள் சொலான்ஜ். இந்த நாற்காலியில் உட்காருவதற்காக மூன்று வருடம் தரையில் குண்டூசி பொறுக்கியவள் அவள். "சத்தியமா நாங்க இல்ல மத்மசேல். நேத்து சாயங்காலம் முடிச்சு உங்க கையிலதானே குடுத்தோம்."

ஓதில் முடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சின்னப் பொண்ணுங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பாருங்க மதாம். நரைமுடி."

தலைத்துணி கழற்றிய தலைகளில் செம்பட்டை இருந்தது, பழுப்பு இருந்தது, பொன்நிறம் இருந்தது. நரை இல்லை. பெண்களின் பார்வை மெல்ல நகர்ந்து, அறையில் வெள்ளியாக நரைத்திருந்த ஒரே தலையில் போய் நின்றது. அது மதாம் புர்தோனின் தலை.

"என்னை ஏன் பாக்குறீங்க?"

"நாங்க ஒண்ணும் சொல்லலையே மதாம்," என்றாள் இவெத்.

சொல்லாவிட்டாலும் எல்லோரும் நினைத்தது ஒன்றுதான். மதாம் புர்தோன் விதவை. மரியானின் அப்பா மொஸ்யே தெலோர்மும் மனைவியை இழந்தவர். காடாத்துணி நாளிலிருந்தே பெண்ணின் ஒவ்வொரு ட்ரையலுக்கும் கூடவே வந்துவிடுகிறார். அப்பாக்கள் அப்படி வருவதில்லை. அவர் வருகிற நாளெல்லாம் மதாம் கூடுதலாகப் பவுடர் போடுவது கூடத்துக்கே தெரியும்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது," என்றாள் மதாம்.

"அதனாலதான் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சோ என்னவோ," என்றாள் சொலான்ஜ். போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்திருந்தது.

இவெத் சிரிப்பை அடக்கத் தலைத்துணியைக் கடித்துக்கொண்டாள். மதாமின் முகம் காதுவரை சிவந்தது. முடியைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசினாள்.

"போதும். இதைப் பத்தி இனி யாரும் பேசக் கூடாது. உடையைக் கீழ கொண்டு வாங்க."

கீழே வரவேற்பறையில் மரியான் அதை உடுத்தி நின்றபோது ஓதிலுக்குக் குண்டூசியே தேவைப்படவில்லை. உடை அவளோடு பிறந்ததுபோல் இருந்தது. மொஸ்யே தெலோர்ம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண் உடை மாற்றத் திரைக்குப் பின்னால் போனதும், அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றியபடி எழுந்தார். மதாம் புர்தோன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். அவர் அவளுக்கு வணக்கம் சொல்லி, அவளைக் கடந்து போனார்.

"மத்மசேல் ஓதில்," என்றார். "இன்னையோட ட்ரையல் முடிஞ்சுது. இனிமே இங்க வர்றதுக்கு எனக்கு ஒரு சாக்கும் இல்ல. ராத்திரி என்கூடச் சாப்பிட வருவீங்களா?"

இவெத்தின் கையிலிருந்த குண்டூசி டப்பா தரையில் கொட்டியது. மதாம் புர்தோன் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டு மணிக்கு வந்துடுங்க," என்றாள் ஓதில், இடுப்பளவு சொல்கிற அதே குரலில்.

மாலையில் அவள் கண்ணாடி முன் நின்று தொப்பி வைத்துக்கொண்டாள். கோட்டை ஏந்தியபடி பின்னால் நின்ற சொலான்ஜ் அப்போது கண்ணாடியில் பார்த்தாள். தொப்பி பட்டு, அந்தக் கறுப்புக் கொண்டை மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்தது. டோப்பா. அடியில் பஞ்சுபோல் வெள்ளை முடி.

சொலான்ஜ் வாயைப் பிளந்தாள். ஓதில் டோப்பாவை நேராக்கி, வெளியே வந்த வெள்ளை இழையை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டு கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்துச் சொன்னாள்:

"நல்லவேளை, ரெண்டாவது முடியை ஒழுங்காத் தச்சேன்."