ஃபேக்டரி வீடு

"என்ன அண்ணி, வேலை இன்னும் முடியலையா?"

பிறந்த வீட்டுக்கு வந்த மகள், பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு நின்றாள்.

"எல்லாம் முடிஞ்சாச்சு. இதுதான் நம்ம வீடு. உள்ளே வா" என்று சிரித்தாள் அண்ணி.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹால் சுவரில் பூச்சையே காணோம். செங்கல் பல்லைக் காட்டியது. தண்ணீர்க் குழாய்களும் ஒயர்க் குழாய்களும் கூரையோரமாக வெளியிலேயே ஓடின. பளபளவென்றிருந்த டைல்ஸ் போய், சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தரை. அதில் குறுக்கே குறுக்கே மஞ்சள் பட்டை. ஹாலுக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவே இருந்த சின்னக் கதவைக் காணோம். லாரியே நுழையலாம் போல அகலமான வழி. அதற்கு ஒரு இரும்புத் தள்ளுகதவு.

"இண்டஸ்ட்ரியல் ஸ்டைல். எதையும் மூடி மறைக்காம, உள்ளது உள்ளபடி. அதுதான் இதோட அழகு" என்றாள் அண்ணி.

"குடியிருக்கவா, லேத் பட்டறை வைக்கவா?"

அண்ணி பதில் சொல்வதற்குள் விருந்தினர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டைப் பார்க்க அக்கம்பக்கத்தாரையும் அப்பாவோடு வேலை பார்த்தவர்களையும் அழைத்திருந்தார்கள்.

மகள் அண்ணனைத் தனியே இழுத்துப் போனாள்.

"அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டின வீடுடா இது. அவர் உடம்பு இருக்கிற நிலைமையில அண்ணிக்கு ஃபேஷன் கேக்குதா? நீயும் சரி சரின்னு தலையாட்டிட்டியா?"

"என்னை ஏன் கேக்குறே? அவளையே கேளு" என்று அண்ணன் நழுவினான்.

அப்பா டிரில் மாஸ்டர். அவர் விசில் ஊதினால் பள்ளிக்கூடமே அசையாமல் நிற்கும். இப்போது அவருடைய காலே அவர் பேச்சைக் கேட்பதில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். போன தடவை மகள் வந்திருந்தபோது, விருந்தாளிகள் எதிரிலேயே அறை வாசலில் அப்படி நின்றுவிட்டார். ஆளுக்கொரு கை பிடித்துத்தான் நகர்த்தினார்கள். அன்றிலிருந்து யார் வந்தாலும் அவர் அறையைவிட்டு வெளியே வருவதில்லை.

"அப்பா எங்கே அண்ணி?"

"சட்டை மாத்திக்கிட்டு இருக்கார். வருவார்."

"வருவாரா? யார் தூக்கிட்டு வரப் போறீங்க?"

அண்ணி விருந்தினர்களுக்குக் காபி எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

"குழாயெல்லாம் வெளியே கிடக்கே, பிளம்பர் பாதியில ஓடிட்டானா?" என்றார் கணக்கு வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நல்லாக் கேளுங்க சார்!" என்றாள் மகள்.

அப்போது இரும்புக் கதவு கடகடவென்று நகர்ந்தது.

அப்பா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. ஓர் அடி எடுத்து வைக்கப் போனார். கால் வரவில்லை. முழங்கால் நடுங்கியது.

மகள் பதறிப்போய் ஓடினாள். அண்ணி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"போகாதே."

"விழுந்துடுவார் அண்ணி!"

"மாட்டார். விடு."

கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். காலைத் தூக்கி முதல் மஞ்சள் பட்டையைத் தாண்டினார். அடுத்ததைத் தாண்டினார்.

"லெஃப்ட்... ரைட்... லெஃப்ட்..."

முணுமுணுத்த குரல் உரக்க வந்தது. கூன் நிமிர்ந்தது. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருவர் கையையும் பிடிக்காமல் வந்து, கணக்கு வாத்தியாரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பிளம்பர் ஓடலைய்யா! இதுதான் லேட்டஸ்ட் ஸ்டைல். உமக்கெல்லாம் எங்கே புரியப் போகுது!"

கைதட்டல் அடங்கவே இல்லை. அப்பா திரும்பி, யாரும் கேட்காமலேயே இன்னொரு ரவுண்டு போனார்.

மகள் சமையலறைக்குள் ஓடினாள். அங்கே அண்ணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி... அந்தக் கோடெல்லாம்..."

"பிசியோதெரபிஸ்ட் என்கிட்ட தனியாச் சொன்னார். வெறும் தரையில கிளம்பாத கால், தாண்டறதுக்கு ஒரு கோடு இருந்தா கிளம்புமாம். குறுகலான வாசல்லதான் ரொம்ப ஒட்டிக்குமாம். ஆனா உங்கப்பாவைப் பத்தித்தான் தெரியுமே! பிடிச்சு நடக்க சுவர்ல ஒரு கம்பி வச்சோம். 'என் வீட்டை ஆஸ்பத்திரி ஆக்காதீங்க'ன்னு பிடுங்கி எறிஞ்சுட்டார். வாக்கரைத் தொடவே இல்லை."

"அதனால..."

"அதனாலதான் இந்த ஸ்டைல். ஃபேக்டரின்னா தரையில கோடு இருக்கும், கதவு அகலமா இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கு ஆசையா இருக்கு மாமான்னு அடம் பிடிச்சேன். சரின்னுட்டார். இப்போ எனக்கே இந்த வீடு பிடிச்சுப் போச்சு."

"நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் அண்ணி."

"அதை விடு. மாமாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா ரோஷத்துல தரையையே பேர்த்துடுவார்!"

விருந்தினர்கள் கிளம்பிய பிறகு, அப்பா வராந்தாவில் தனியாக நின்றிருந்தார். அங்கேயும் அவர் நடந்துதான் போயிருந்தார்.

"வீடு ரொம்ப அழகா இருக்குப்பா" என்றாள் மகள்.

"பின்னே? முதல்ல எனக்கும் கண்றாவியாத்தான் தெரிஞ்சுது. இப்போ இதை மிஞ்சின வீடு கிடையாது."

அப்பா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஆயுசு பூரா மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான். எந்தக் கோடு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆனா உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதே. என்னை ஏமாத்திட்டதா நினைச்சு எவ்வளவு சந்தோஷமா இருக்கா பாரு!"